வாசகர் கேள்வி பதில்: வெயிலும் மழையும் மாறி வந்த நாளில் பறவை பார்த்தல்

கேள்வி: சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்து மாலைவரை, ஒரு நீர்நிலையையும் அதையொட்டிய புதர்க்காட்டையும் சுற்றிப் பறவைகள் பார்த்தோம். காலையில் மூடுபனி, ஒன்பது மணிக்கு மேல் நல்ல வெயில், முற்பகலில் பலத்த காற்று, அதன்பின் இரண்டு முறை மழை, நான்கு மணிக்கு மேல் மீண்டும் வெயில். மொத்தம் 43 வகைகளைக் கண்டோம். அவற்றில் 19 வகைகள் கடைசி ஒன்றரை மணி நேரத்தில்தான் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. மற்ற நேரமெல்லாம் வீணாயிற்றோ என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டு, மழை விட்டபின் போவது நல்லதா?

பதில்: மழை எப்போது விடும் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது, களத்தில் நனைந்து நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே நீங்கள் போனதில் தவறில்லை. நாள் முழுவதையும் ஒரே முறையில் பார்க்க முயன்றதுதான் தவறு என்று நினைக்கிறேன். வானிலை மாறும்போது பறவைகள் இடத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கின்றன. பார்ப்பவரும் கூடவே மாற வேண்டும்.

மூடுபனியில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். விடியலில் தரையையொட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து கீழ்நோக்கி வருகிறது. காற்று வீசாத அந்த நேரத்தில் குக்குறுவானின் குரலும் செம்போத்தின் குரலும் நெடுந்தொலைவு கேட்பதற்கு அது ஒரு காரணம். அந்த நேரத்தில் நடந்துகொண்டே இருப்பதைவிட ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, கேட்ட குரல்களைத் திசையோடு குறித்துக்கொண்டால், பனி விலகியபின் எந்தப் புதரை நோக்கிப் போக வேண்டும் என்பது கையில் இருக்கும். பனிக்குள் தெரியும் உருவத்தின் அளவை மட்டும் நம்ப வேண்டாம். மங்கலாகத் தெரிவதைத் தொலைவில் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்வதால், பக்கத்து மரத்துக் காகம்கூடக் கழுகளவு தோன்றும்.

ஒன்பது மணி வெயிலில் நீங்கள் புதர்களுக்குள் தேடிக்கொண்டிருந்ததாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும். தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழத் தொடங்கிய பிறகுதான் பருந்துகளும் கழுகுகளும், நாரைகளும் கூழைக்கடாக்களும் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரே போக முடியும். விடியலில் அவை கிளையிலோ கரையிலோ காத்திருக்கும். மேகம் மூடினால் மீண்டும் இறங்கிவிடும். மாறும் வானிலையில் அந்தச் சாளரம் ஒரு மணி நேரம்கூட நீடிக்காமல் போகலாம்.

காற்று பலமாக வீசும்போது சிறு பறவைகள் புதரின் காற்று படாத பக்கத்துக்கு மாறிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் எத்தனை நேரம் நின்றாலும் ஆடும் இலைகளைத்தான் பார்ப்பீர்கள். திறந்த நீர்க்கரையில் நிலைமை வேறு. ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் இறகு கலையாமல் இருக்கக் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் எல்லாப் பறவைகளும் உங்களைப் பார்த்தபடி இருக்கும். அலகையும் நெற்றியையும் மார்பையும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வசதி கிடைக்காது.

இனி மழை. கொட்டும் மழையில் நீங்கள் வண்டிக்குள் இருந்தது சரிதான். ஆனால் தூறலையும் கொட்டும் மழையையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. வாத்துகளும் நாமக்கோழிகளும் தூறலைப் பொருட்படுத்துவதே இல்லை. புறாக்கள் தூறலில் குளிப்பதைப் பொறுமையுள்ள எவரும் காணலாம்: கிளையிலோ தரையிலோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேற்புறச் சிறகை நேராக உயர்த்தி, அடியிறகுகளில் மழை படும்படி சற்று நேரம் வைத்திருந்துவிட்டுப் பிறகு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். வெள்ளைக்கண்ணிகளும் தேன்சிட்டுகளும் நீரில் இறங்கிக் குளிப்பதைக் காட்டிலும் ஈர இலைகளில் உடலைத் தேய்த்துக் குளிப்பதை அதிகம் விரும்புவதாகவே எனக்குத் தோன்றுகிறது. இலைக்கூட்டம் ஒன்று காற்றில்லாமல் குலுங்கினால் அங்கே பைனாகுலரைத் திருப்புங்கள்.

உங்களுக்குக் கிடைத்த அந்த ஒன்றரை மணி நேரம் அதிர்ஷ்டத்தால் வந்ததன்று. சிறிய பறவையின் உடல் விரைவாகச் சூட்டை இழக்கும். அதை ஈடுகட்ட அது அடிக்கடி தின்ன வேண்டும். இரண்டு மழைகளில் இரை தேடாமல் ஒடுங்கியிருந்த பறவைகளுக்கு மழை விட்டவுடன் உண்பதும் உலர்வதும் ஆகிய இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. இறகு உலர்த்த வெயில் படும் மொட்டைக் கிளை வேண்டும் என்பதால், மற்ற நேரத்தில் இலைக்குள் மறைந்தே திரியும் பறவைகூட வெளியே வந்து அமர்கிறது. மண்ணிலிருந்து புழுக்கள் மேலே வருகின்றன. ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம்: கரிச்சானும் பஞ்சுருட்டானும் உழவாரனும் மைனாவும் காகமும் பருந்தும் ஒரே புற்றைச் சுற்றிக் கூடிவிடும். புற்றருகே சும்மா நின்றாலே உங்கள் பட்டியல் நீளும்.

ஆகவே அடுத்த முறை மதிய உணவை மழைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை விட்டபின் வண்டியில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மழைக்கு முன்பு தகைவிலான்கள் தரையை உரசுவதுபோல் பறந்தன. பறவைகளுக்கு மழை வருவது முன்கூட்டியே தெரியுமா?

பதில்: தகைவிலான் தாழப் பறப்பதை வைத்து மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. வெயிலில் எழும் வெப்பக் காற்றோடு சிறு பூச்சிகளும் உயரே போகின்றன. மேகம் மூடி அந்தக் காற்றோட்டம் அடங்கும்போது பூச்சிகள் கீழேயே இருந்துவிடுகின்றன. தகைவிலான் தன் இரையைப் பின்தொடர்கிறது. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ இதே காட்சியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், தட்டானும் பூச்சி வேட்டையாடுவதுதானே. தகைவிலான் காட்டுவது இப்போதைய காற்றை. மழை அதைத் தொடர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

ஆனால் காற்றழுத்தம் குறைவதைப் பறவைகள் உணர்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கூண்டில் வைக்கப்பட்ட வட அமெரிக்கச் சிட்டுகளைச் சுற்றியிருந்த காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் குறைத்தபோது, விளக்கு எரிந்தபின் அவை வழக்கத்தைவிட விரைவாக இரை எடுக்கத் தொடங்கின. புயலுக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடாக அதைக் கொள்ளலாம். பறவைகளின் நடுச்செவியில் ஒரு சிறு உணர்வுறுப்பு இருப்பதை இத்தாலியைச் சேர்ந்த விட்டாலி 1911இல் விவரித்தார்; அழுத்த மாற்றத்தை உணர்வது அந்த உறுப்பாக இருக்கலாம் என்ற கருத்து நெடுநாளாக இருந்துவருகிறது.

இதைவிட வியப்பான செய்தி 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசியில் பதிவானது. சுமார் 9 கிராம் எடையுள்ள, பொன்னிறச் சிறகுடைய ஒரு வகைக் கதிர்க்குருவிகள், வலசை முடிந்து கூடு கட்டும் இடத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. சூறாவளிகளைக் கொண்டுவந்த பெரும்புயல் இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோதே, ஒரு நாளுக்கும் முன்பாக, அவை அங்கிருந்து கிளம்பிவிட்டன. புயல் கடந்தபின் திரும்பி வந்தன. இந்த அலைச்சலில் 1500 கிலோமீட்டருக்கும் மேல் பறந்திருந்ததை அவற்றின் முதுகில் பொருத்தியிருந்த சிறு கருவிகள் காட்டின. அவை கிளம்பிய நேரத்தில் அங்கே அழுத்தமோ காற்றோ குறிப்பிடும்படி மாறியிருக்கவில்லை என்பதால், மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வொலியைக் கேட்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். கருவியோடு திரும்பப் பிடிபட்டவை ஐந்தே பறவைகள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: மழைநாளுக்கு 8×42 பைனாகுலர் நல்லதா, 10×42 நல்லதா? வில்லையில் ஆவி படிவதை எப்படித் தவிர்ப்பது?

பதில்: என் கை 8×42 பக்கமே போகும். சிறிய எண் கருவி எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், பெரிய எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் சொல்கின்றன. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 8×42க்கு 5.25, 10×42க்கு 4.2, சட்டைப் பையில் அடங்கும் 8×25க்கு 3 சொச்சம். உச்சி வெயிலில் கண்ணின் பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாது. கார்மேகம் மூடிப் பாவை விரியும்போதுதான் சிறிய கருவியின் படம் இருட்டாகத் தோன்றும். தவிர, காற்றில் கை ஆடுகிறபோது 10 மடங்கு பெரிதாக்கும் கருவி அந்த ஆட்டத்தையும் 10 மடங்காக்கிவிடுகிறது.

ஆவி இரண்டு வகை. உட்புறத்தில் படிந்தால் கருவி கசிகிறது என்று பொருள். நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவிகளில் இது நேர்வதில்லை. வெளிப்புறத்தில் படிவது, குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதால். அது தானே மறையும், பொறுமைதான் வேண்டும். எனக்கு ஒருமுறை அது இல்லாமல் போயிற்று. இரவெல்லாம் குளிர்சாதன அறையில் இருந்த பைனாகுலரை ஈரம் மிகுந்த விடியலில் வெளியே எடுத்தவுடன் இரண்டு வில்லைகளும் வெள்ளையாகிவிட்டன. எதிரே நீர்க்கரையில் அரிவாள்மூக்கன்கள் இறங்கிக்கொண்டிருந்ததால் அவசரப்பட்டுச் சட்டை நுனியால் துடைத்தேன். துணியில் ஒட்டியிருந்த ஒரு மணல் துகள் இடப்புற வில்லையில் பிறை போன்ற ஒரு கீறலை விட்டுச் சென்றது. வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது இன்றும் அந்தப் பிறை மினுங்குகிறது. முந்தைய இரவே கருவியைக் குளிர்சாதனம் இல்லாத இடத்தில் வைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். மழைத்துளி விழுந்தால் முதலில் உதறுங்கள், பிறகு ஊதுங்கள், கடைசியாகத்தான் அதற்கென்றே உள்ள துணி. வீடு திரும்பியதும் ஈரத்தோடு பைக்குள் மூடி வைத்தால் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

கேள்வி: மழை விட்டதும் பாம்புத்தாரா ஒன்று இரு சிறகுகளையும் விரித்தபடி அரை மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் நின்றது. நனைந்து நோயுற்றிருக்குமோ?

பதில்: இல்லை. பாம்புத்தாராவின் இறகுகள் நீரை உள்ளே விடக்கூடியவை. நனைந்து கனமாவதால்தான் அது உடலை நீருக்குள் அமிழ்த்தி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்த முடிகிறது. கரையேறியபின் உலர்த்தித்தான் ஆக வேண்டும். நீர்க்காகத்துக்கு இறகின் வெளிப்பகுதி மட்டும் நனையும், உட்பகுதி நனையாது. அதுவும் சிறகை விரிப்பது உலர்த்தத்தான். வாத்து இப்படி நிற்பதில்லை. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்வதும், இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இடைவெளியின்றி அமைந்திருப்பதும் நீரை வெளியே நிறுத்துகின்றன. மழைக்குப்பின் ஒரு பறவை இறகைக் கோதும்போது அருகிலிருந்து பாருங்கள்: ஓர் இறகை அடியில் கவ்வி நுனிவரை அலகை இழுத்துக்கொண்டு போகும். பிரிந்த கொக்கிகள் அப்போது மீண்டும் மாட்டிக்கொள்கின்றன.

கேள்வி: நனைந்த பறவைகளை அடையாளம் காண்பதில் அடிக்கடி தவறுகிறேன். களக் கையேட்டுப் படத்தோடு எதுவுமே பொருந்துவதில்லை.

பதில்: கையேட்டில் எல்லாப் பறவையும் உலர்ந்துதான் இருக்கிறது! நனைந்தால் கொண்டை படிந்துவிடும், வெளிர் நிறம் கருக்கும், இறகுகள் ஒட்டிக்கொள்வதால் உடல் பாதியாக இளைத்ததுபோல் தோன்றும். மாறாதவை அலகின் நீளமும் வளைவும், காலின் நீளம், வாலாட்டும் விதம், நடையா தத்தலா என்பது போன்றவை. அவற்றை முதலில் பாருங்கள். மங்கிய ஒளி வேறொரு தொல்லை தரும். தேன்சிட்டின் ஊதாப் பளபளப்பும் மீன்கொத்தியின் நீலமும் சாயத்தால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுபவை. நேரடி ஒளி இல்லாதபோது ஆண் தேன்சிட்டு வெறும் கறுப்புக் குருவியாகத் தெரிவது அதனால்தான். சின்ன வெள்ளைக்கொக்கைக் கறுப்புக் கால்களும் மஞ்சள் விரல்களும் கொண்டு அடையாளம் காண்பவர்கள், மழைக்குப்பின் விரல்களைச் சேறு மூடியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அது காலை உயர்த்தும்வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

மீன்கொத்தியைப் பற்றி ஒரு சொல். மழையில் நீர் கலங்கினால் அதற்கு மீன் தெரிவதில்லை. வழக்கமான கொம்பில் காணவில்லை என்றால் கலங்காத சிறு குட்டைகளில் தேடுங்கள். வெண்மார்பு மீன்கொத்தியாக இருந்தால் நீரையே விட்டுவிட்டுப் பூச்சியும் ஓணானும் பிடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: நாள் முழுவதற்கும் ஒரே பட்டியல் போதுமா?

பதில்: போதாது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபன் அமைப்பும் சேர்ந்து 2002இல் தொடங்கிய இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிபவராயினும், தாள் குறிப்பேட்டோடு நிற்பவராயினும், வானிலை மாறும்போது புதிய பட்டியலைத் தொடங்குவது நல்லது. தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், மேகம் எப்படி, காற்று எப்படி என்ற ஐந்தும் இருந்தால்தான் பறவைகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. உங்களைப்போல் மழையில் வண்டிக்குள் இருந்தவர் அந்த நேரத்தையும் பறவை பார்த்த நேரமாகக் கணக்கிட்டுவிட்டால், அந்த இடத்தில் பறவைகள் குறைந்துவிட்டதாகத் தரவு பொய் சொல்லும். மழையில் அரை மணி நேரம் நின்று நான்கே வகைகளைக் கண்டாலும் அதைப் பதியுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை மழைச் சத்தத்தில் நம்ப வேண்டாம். அது சொன்ன பறவையைக் கண்ணாலோ உங்கள் காதாலோ உறுதிசெய்த பிறகே எழுதுங்கள். எழுதுவது பென்சிலால் இருக்கட்டும், பேனா மை நனைந்தால் பறவையும் போய்விடும்.

கேள்வி: இடி இடிக்கும்போது மரத்தடியில் நின்று பார்க்கலாமா?

பதில்: கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் நீங்கள் ஆபத்தான எல்லைக்குள் இருக்கிறீர்கள். தனிமரம், வெட்டவெளி, நீர்க்கரை, கண்காணிப்புக் கோபுரம் எல்லாவற்றையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வர வேண்டாம்.

கேள்வி: மழையில் கூட்டின்மேல் சிறகு விரித்துக் குஞ்சுகளைக் காக்கும் தாய்ப்பறவையைப் படமெடுக்க எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: நெருங்கவே வேண்டாம். இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. உங்களைக் கண்டு தாய் எழுந்துபோனால், அது திரும்பி வரும் வரையிலான சில நிமிட மழையே குஞ்சின் உயிரைப் பறிக்கப் போதும். அப்படி எடுத்த படங்களை எனக்கு அனுப்பவும் வேண்டாம்.

கேள்வி: அன்று தூறலில், கைக்கு அடங்கும் அளவுள்ள கறுப்பான ஒரு சிறு பறவையை முப்பது அடி தூரத்தில் பார்த்தேன். மெல்லிய அலகு, சற்றுக் கீழ்நோக்கி வளைந்தது. வால் குட்டை. பூவின்முன் ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் பறந்துபோனது. கையேட்டில் மூன்று படங்களோடு பொருந்துகிறது. எது என்று எழுத?

பதில்: அலகும் பூவின்முன் நின்றதும் தேன்சிட்டு என்று சொல்லப் போதுமானவை. அந்த ஒளியில் நெஞ்சின் நிறமும் வயிற்றின் நிறமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்ததாக நீங்களும் எழுதவில்லை, அது நல்லது. நானாக இருந்தால் "தேன்சிட்டு, ஆண், எந்த வகை எனத் தெரியவில்லை, தூறல்" என்று எழுதிவிட்டு, மழை விட்டபின் அதே பூச்செடியின்முன் போய் நின்றிருப்பேன்.